சாத்தானைப் பிடிக்க வந்த கேசட்டுகள்: முழுசாக உட்கார்ந்து பார்த்தவனின் விமர்சனம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பெரிய மனிதர்கள் இரண்டு பேர் குழந்தைகளின் பொம்மைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஸ்மர்ஃப் என்கிற அந்த நீலக் குட்டி ஆசாமிகள் வழியாகப் பிசாசு எப்படி வீட்டுக்குள் நுழைகிறது என்று விளக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் ஒன்றைத் தொட்டு ஒன்றாக நான்கு கேசட். எட்டு மணி நேரமாவது போயிருக்கும். முதல் ஒரு மணி நேரம் சிரிப்பு, அதற்கப்புறம் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றுபோனது. அந்த நான்கையும் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-ல் கனடாவின் விக்டோரியா நகரத்து மனநல மருத்துவர் ஒருவரும் அவரிடம் சிகிச்சைக்கு வந்த பெண்ணும் சேர்ந்து 'மிஷெல் ரிமெம்பர்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். சின்ன வயதில் சாத்தானைக் கும்பிடும் கூட்டம் ஒன்று தன்னை வதைத்தது என்று அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சையின்போது நினைவு வந்ததாம் (இரண்டு பேரும் பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்கள்). ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது, புத்தகம் மட்டும் சக்கைப்போடு போட்டது. 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி மேல் புகார் கிளம்பியது. பள்ளிக்கு அடியில் சுரங்கம், உள்ளே பூஜை, மிருக பலி என்று புகார் வளர்ந்துகொண்டே போனது. அப்புறம் அமெரிக்கா முழுக்க எந்த ஊரைத் தோண்டினாலும் சாத்தான். போதகர்கள், போலீஸ், மனநல ஆலோசகர்கள், டிவிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அதை நம்பினார்கள்.

இதே சமயத்தில்தான் வி.சி.ஆர். வீட்டுக்கு வீடு வருகிறது. வீட்டில் ரெக்கார்ட் செய்துகொள்வது குற்றமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1984 ஜனவரியில். நம் ஊரில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய நாலு படம் ஓட்டிய அதே காலம்தான், ஆனால் அங்கே இன்னொரு வியாபாரமும் நடந்தது. வீடியோ கேசட்டுக்குத் தியேட்டர் வேண்டாம், டிவி நிலையம் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். கேமரா ஒன்று, மேசை ஒன்று, பேச ஒருவர். தபாலில் காசு அனுப்பினால் கேசட் வரும், புதன்கிழமை ராத்திரி சர்ச் ஹாலில் டிவியை ஸ்டாண்டோடு தள்ளிக்கொண்டு வந்து போட்டுக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் பக்கத்து ஊருக்குக் கடன் கொடுப்பார்கள். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் 'அவசியம் பகிரவும்' வீடியோவின் தாத்தா அது.

இதையெல்லாம் இப்போது எங்கே பார்ப்பது? இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளுக்கென்றே பெரிய தொகுப்பு இருக்கிறது, பொழுதுபோகாத ஆட்கள் (நல்லா இருக்கட்டும்) பரணிலிருந்தும் பழைய கடைகளிலிருந்தும் எடுத்து ஏற்றிவைக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அந்த நிறுவனம் இயங்கும் கட்டடம் ஒரு பழைய சர்ச். சர்ச் ஹாலுக்கென்று எடுத்த கேசட்டுகள் கடைசியில் இன்னொரு சர்ச்சுக்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. காசு கிடையாது, டவுன்லோடும் செய்துகொள்ளலாம். தலைப்பைச் சரியாகத் தெரிந்துகொண்டு தேடுங்கள். பொதுவாக 'சாத்தான்' என்று தேடினால் திகில் படமாகக் கொட்டும்.

சரி, கேசட்டுக்கு வருவோம்.

முதலில் அந்தப் பொம்மைக் கேசட். பெயர் 'டிசெப்ஷன் ஆஃப் எ ஜெனரேஷன்', எண்பதுகளின் நடுவில் வந்தது. கேரி கிரீன்வால்ட் என்ற போதகர் கேள்வி கேட்க, ஃபில் ஃபிலிப்ஸ் என்ற இளைஞர் பதில் சொல்கிறார். இந்த ஃபிலிப்ஸ்தான் 1986-ல் 'டர்மாயில் இன் தி டாய்பாக்ஸ்' என்று இதே விஷயத்தைப் புத்தகமாகவும் போட்டவர். இரண்டு பேரும் ஒவ்வொரு பொம்மையாக எடுத்துப் பேசிக்கொண்டே போகிறார்கள், அவ்வளவுதான் மொத்தக் கேசட்டும். கார்ட்டூன் வீரன் ஹீமேன் 'சக்தி என்னிடம் இருக்கிறது' என்று கத்துகிறானே, கடவுளைத் தவிர யாரிடம் சக்தி இருக்க முடியும்? அந்தப் பொம்மை வரிசைக்கு 'பிரபஞ்சத்தின் அதிபதிகள்' என்று பெயராமே, பிரபஞ்சத்துக்கு அதிபதி ஒருவர்தானே? ஸ்மர்ஃப் கிழவர் கஷாயம் காய்ச்சி மந்திரம் போடுகிறார். எதிரி கார்கமெல் மந்திரவாதி. ஒற்றைக்கொம்புக் குதிரையா, அதிலும் ஏதோ இருக்கிறது. வானவில்லா, போச்சு.

கேட்டால் சிரிப்பு வரும்தான். ஆனால் இவர்கள் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. அக்கறையோடு, பெரியப்பா வீட்டுக்கு வந்து 'பிள்ளையைக் கொஞ்சம் கவனிம்மா' என்று சொல்கிற தொனியில் பேசுகிறார்கள். இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி யூடியூபில் போடுகிறவர்கள் கோமாளித்தனமான இடத்தை மட்டும்தான் எடுக்கிறார்கள், இந்தத் தொனி அதில் வராது. முழுசாகப் பார்த்தால்தான், நாற்பதாவது நிமிடத்தில், அட, அந்தக் காலத்தில் இரண்டு குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மா இதைப் பார்த்தால் நம்பியிருப்பாள்தான் என்று உறைக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இவர்கள் ஒரு நிஜமான திருடனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் பார்க்காமலே போகிறார்கள். ஹீமேன் பொம்மை கடைக்கு வந்தது 1982-ல், கார்ட்டூன் வந்தது 1983-ல். பொம்மை முதலில், கதை பிறகு. 1984-ல் அமெரிக்க அரசாங்கம் குழந்தை நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், அரை மணி நேரக் கார்ட்டூன் முழுக்கப் பொம்மை விளம்பரமாகவே மாறிவிட்டது. குழந்தையின் மண்டைக்குள் யாரோ திட்டம் போட்டு நுழைகிறார்கள் என்ற சந்தேகம் சரிதான், நுழைந்தது பொம்மைக் கம்பெனியின் விற்பனைப் பிரிவு. கையில் பொம்மையை வைத்துக்கொண்டே இவ்வளவு நேரம் பேசுகிறவர்கள் அதன் அடியில் ஒட்டியிருக்கும் விலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது, 'ஹெல்ஸ் பெல்ஸ்', 1989. ராக் இசையின் ஆபத்துகள் பற்றி. எரிக் ஹோம்பெர்க் என்பவர் எடுத்து, அவரே வந்து பேசுகிறார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை போட்டேன். ஆனால் நான்கில் நன்றாக எடுத்தது எது என்றால் கையைத் தூக்கிச் சொல்வேன், இதுதான். மனுஷன் வேலை செய்திருக்கிறார். பாட்டுக்குப் பாட்டு, பேட்டிக்குப் பேட்டி, ஆல்பம் அட்டைக்கு அட்டை என்று தேடிப் பிடித்துக் கோத்திருக்கிறார். லெட் செப்பெலின் பாண்டின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ், மந்திரவாதி அலெய்ஸ்டர் குரோலி ஒருகாலத்தில் குடியிருந்த ஸ்காட்லாந்து வீட்டையே எழுபதுகளில் விலைக்கு வாங்கியது போன்ற நிஜ விஷயங்கள் இந்தப் பேச்சுக்கெல்லாம் நல்ல தீனி. வாங்கினார்தான், அதனால் என்ன என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஹெவி மெட்டல் என்கிற முரட்டு ராக் பாண்டுகளோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, கையில் கிட்டார் வைத்திருப்பவர் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துவிடுகிறார்.

இதில் பெரிய வேடிக்கை, ராக் தெரியாத ஒருவருக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது. எதையெல்லாம் கேட்கக் கூடாதோ அதையெல்லாம் பொறுக்கி எடுத்துப் போட்டுக் காட்டுகிறார். சர்ச் ஹாலின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பதினாலு வயதுப் பையன் எத்தனை பேர் பெயர்களைக் கையில் குறித்துக்கொண்டு போயிருப்பார்களோ. நானே மூன்று பாண்ட் குறித்துவைத்தேன்.

இந்த வகைக் கேசட்டுகளில் தவறாமல் வரும் ஓர் அம்சம், பாட்டைத் தலைகீழாக ஓட்டி 'கேளுங்கள், சாத்தான் பேசுகிறான்' என்பது. என்ன கேட்கப்போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள், அதில்தான் சூட்சுமம். நான் ஒரு சோதனை செய்தேன். இதைப் பற்றி எதுவும் தெரியாத என் அண்ணன் மகளைக் கூப்பிட்டு, லெட் செப்பெலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டின் அந்தப் பிரபலமான துண்டைத் தலைகீழாக ஓட்டிக் காட்டினேன். "என்ன சித்தப்பா, யாரோ வாய் நிறையத் தண்ணி வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றாள். சொற்களை எழுதிக் காட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். முகம் மாறியது. "ஐயோ, இப்ப கேக்குது!" மூன்றாம் தடவை அவளால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பல்லி கத்தினால் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாண்டின் பாட்டு ஒன்றில் ஒளித்துவைத்த கட்டளைதான் நெவாடாவில் இரண்டு இளைஞர்களின் தற்கொலை முயற்சிக்குக் காரணம் என்று வழக்குப் போட்டு, 1990-ல் ரீனோ நகர நீதிமன்றத்தில் விசாரணையே நடந்தது. பாட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். மூச்சுச் சத்தமும் கிட்டார் சத்தமும் தற்செயலாகச் சேர்ந்து கேட்கும் ஒலி என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார், பாண்ட் தப்பித்தது. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை.

மூன்றாவது கேசட்டுக்கு இதனால்தான் வந்தேன். பெயர் 'லா என்ஃபோர்ஸ்மென்ட் கைடு டு சட்டானிக் கல்ட்ஸ்', 1994. போலீஸ்காரர்களுக்கு வழிகாட்டி என்று சொல்லி எடுத்தது. இணையத்தில் இதன் துண்டுகள்தான் அதிகம் சுற்றுகின்றன, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இசை படு மட்டம், நடிப்பு அதைவிட. சின்னங்களைக் காட்டி இது இன்னது, அது இன்னது என்று வாத்தியார் மாதிரிச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். தலைகீழ்ச் சிலுவை, ஐந்துமுனை நட்சத்திரம், மெழுகுவர்த்தி, கறுப்புச் சட்டை. அந்தக் காலத்தில் போலீஸ் கருத்தரங்குகளில் கொடுத்த தாள்களிலும் இதே பட்டியல்தான், சமாதானச் சின்னத்தைக்கூட 'நீரோவின் உடைந்த சிலுவை' என்று சேர்த்திருந்தார்கள். சமாதானச் சின்னத்தை டீ-ஷர்ட்டில் போட்டவன் ஒருவனாவது இல்லாத காலேஜ் உலகத்தில் உண்டா?

கேசட்டாகப் பார்த்தால் இது படு போர். நடுவில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தேன், எதுவும் தவறிப்போகவில்லை. ஆனால் வருஷத்தைக் கவனியுங்கள். 1994. அதே வருஷம் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ் வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. முந்தைய வருஷம் எட்டு வயதுச் சிறுவர்கள் மூன்று பேர் கொலை செய்யப்பட்டிருந்தார்கள், அதற்கு மூன்று பதின்வயதுப் பையன்களைப் பிடித்தார்கள். கறுப்பு உடை போடுகிறான், மெட்டாலிகா பாண்டின் பாட்டுக் கேட்கிறான், மந்திர தந்திரப் புத்தகம் படிக்கிறான் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. தபால்வழிப் பட்டம் வாங்கிய 'நிபுணர்' ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஒருவருக்கு மரண தண்டனை, மற்ற இரண்டு பேருக்கு ஆயுள். பதினெட்டு வருஷம் கழித்து 2011 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்கள், அதுவும் நிரபராதி என்ற தீர்ப்போடு இல்லை. குற்றத்தைச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே தண்டனையை ஏற்றுக்கொள்ளும் ஒரு சட்ட ஏற்பாட்டின்படி.

அந்த வழக்கில் இந்தக் கேசட்டை யாரும் போட்டுக் காட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. கேசட்டில் பேசுகிற அதே பாஷையைத்தான் கோர்ட்டிலும் பேசினார்கள் என்கிறேன். அது தெரிந்தபிறகு அந்த மட்டமான இசையைக் கேட்டுச் சிரிப்பு வருமா, சொல்லுங்கள். இத்தனைக்கும், இதே விஷயத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்த எஃப்.பி.ஐ. அதிகாரி கென்னத் லானிங், நாடு தழுவிய சாத்தான் கூட்டம் எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று 1992-லேயே அறிக்கை எழுதிவிட்டார். சாத்தான் பெயரால் நடந்த குற்றங்களைவிடக் கடவுள் பெயரால் நடந்தவைதான் மிக அதிகம் என்றும் அதில் சொல்லியிருந்தார். அரசாங்க அறிக்கையை யார் படிக்கிறார்கள், கேசட் என்றால் போட்டால் ஓடும்.

நான்காவது, கடைக் கேசட் இல்லை. 1988 அக்டோபர் 25 ராத்திரி என்.பி.சி. டிவியில் ஜெரால்டோ ரிவேரா நடத்திய இரண்டு மணி நேர சாத்தான் சிறப்பு நிகழ்ச்சியை யாரோ வீட்டில் பதிவுசெய்தது. இதைப் பற்றி அதிகம் எழுத ஆசையில்லை. ஒரே கூச்சல். பேட்டிக்கு வந்தவரைப் பேசவிடாமல் அடுத்தவரிடம் ஓடுகிறார், செயற்கைக்கோள் வழியாக ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள், பாவம். நம் டிவி விவாத மேடைகளைத் தினம் பார்க்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரே ஒரு நல்ல விஷயம், ரிவேரா 1995-ல் தான் செய்தது பெரிய தப்பு என்று டிவியிலேயே மன்னிப்புக் கேட்டார். அதை மட்டும் யாரும் ரெக்கார்ட் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோகவில்லை.

விற்பனைக்கே வராத இன்னொரு வகை வீடியோவும் அந்தக் காலத்தில் இருந்தது. மெக்மார்ட்டின் வழக்கில் குழந்தைகளை விசாரித்தது முழுக்க வீடியோவில் பதிவானது. கையில் பொம்மைகளை வைத்துக்கொண்டு, 'மற்றவர்கள் எல்லாம் சொல்லிட்டாங்க, நீ மட்டும் ஏன் சொல்லலை' என்கிற தோரணையில் கேட்டுக் கேட்டு வாயிலிருந்து வாங்கியது. நிரூபிக்கத்தான் எடுத்தார்கள். கடைசியில் அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் ஜூரிகளுக்கு நம்பிக்கை போனது. ஏழு வருஷம், ஒன்றரைக் கோடி டாலர், ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லை. ஆனால் முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்ட ரே பக்கி அதற்குள் ஐந்து வருஷம் உள்ளே இருந்துவிட்டார்.

படத்தின் தரம் பற்றிக் கேட்பீர்கள். ஏற்றியிருப்பவை எல்லாம் வி.எச்.எஸ்.ஸிலிருந்து எடுத்தவை, சிவப்பு நிறம் ஓரத்தில் வழியும், அடியில் ஒரு பட்டை எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது, பெரிய திரையில் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், லேப்டாப் போதும்.

ஆர்வக்கோளாறில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. இலவசமாகக் கிடைக்கிறதையே அசல் கேசட்டாக வைத்துக்கொள்ளலாமே என்று வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் அந்த ராக் கேசட்டை வாங்கினேன். 'அசல், நல்ல நிலையில்' என்று போட்டிருந்தார். கேசட்டின் விலையைவிடத் தபால் செலவு மூன்று மடங்கு. வந்ததைத் திறந்து மூடியைத் தூக்கிப் பார்த்தால், டேப்பின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, சாம்பார்ப் பொடி டப்பாவில் மழைக்காலத்தில் படிகிற மாதிரி. அது போதாதென்று அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறை, நம் பரணில் இருக்கும் டெக் பி.ஏ.எல். முறை, போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் மேலே உருண்டுகொண்டே போகிறது. பழைய டெக் பழுதுபார்க்கும் தாத்தா ஒருவர் ரிச்சி தெருவில் இன்னும் இருக்கிறார். பூஞ்சைக் கேசட்டைப் போட்டதற்கு என்னைத் திட்டிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைத்தார். "அப்பல்லாம் ஹெட்டைத் துடைக்கப் புது ரூபா நோட்டுதான் தம்பி" என்றார். இரண்டு வகைக் கேசட்டையும் ஓட்டக்கூடிய டெக் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து, கேசட்டை ஃபைலாக மாற்றிக் கொடுத்தார். அவருக்கு மட்டும் நூற்றுக்கு நூறு.

மற்றவர்களுக்கும் மார்க் போடாமல் விட்டால் நம் ஆட்களுக்குத் திருப்தி வராது. பொம்மைக் கேசட்டுக்கு 48, ராக் கேசட்டுக்கு 56, டிவி நிகழ்ச்சிக்கு 20. போலீஸ் கேசட்டுக்கு மார்க் போட மனசு வரவில்லை, ஆனால் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் அதைப் பாருங்கள், வெஸ்ட் மெம்ஃபிஸ் வழக்கைப் பற்றிப் படித்துவிட்டுப் பாருங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் பொம்மைக் கேசட் மட்டும்.

நான் வாங்கிய கேசட் அசலும் இல்லை, அது எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். தாத்தா மாற்றிக் கொடுத்த ஃபைலை வீட்டில் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். பேச்சு முடிந்து, கேசட் வேண்டுவோருக்கான முகவரி வந்து போய், திரையில் கொஞ்ச நேரம் எறும்பு ஓடியது. அப்புறம் திடீரென்று ஒரு பாஸ்கெட்பால் மேட்ச், பாதியிலிருந்து. யாரோ தன் வீட்டு மேட்ச் கேசட்டின் மேலேயே இதைப் பதிந்திருக்கிறார்கள். கடைசி இரண்டு நிமிடம், ஆறு பாயின்ட் வித்தியாசம். யார் ஜெயித்தார்கள் என்பதற்குள் டேப் தீர்ந்துவிட்டது.